வரி கட்டாதவனின் வம்சாவளி

திருத்தணி தாலுகா அலுவலகத்துக்கு ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டு போனால், "சர்வே நம்பர் என்ன?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பவர் மேல் தப்பில்லை. அங்கே துணியில் கட்டிவைத்த ஏடுகள் எல்லாம் மண்ணுக்கு எண் போட்டவை. அந்த எண்ணுக்கு எதிரே, வரியை யாரிடம் வாங்குவது என்பதற்காக மட்டும், ஒரு மனிதனின் பெயர் நிற்கிறது. நிலம் தெரிந்தால் பெயர் கிடைக்கும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நிலத்தைப் பிடிப்பது பெரும்பாடு. பூர்வீகம் தேடிப் புறப்படுகிறவர்களில் பாதிப்பேர் இந்தத் தலைகீழ் ஏற்பாட்டிலேயே சோர்ந்து, மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

ஆனாலும் நில ஏட்டை விட்டால் நமக்குப் போக்கிடம் குறைவு. இங்கிலாந்துக்காரனுக்கு 1841 முதல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுத் தாள்கள் இருக்கின்றன. தாத்தாவின் வயது, தொழில், பக்கத்து வீட்டுக்காரன் பெயர் வரை படிக்கலாம். நம் நாட்டில் 1871இலிருந்து வெள்ளைக்காரன் தலையெண்ணியும், வீடு வீடாக எழுதிய தாள்கள் கூட்டல் முடிந்ததும் கழிக்கப்பட்டன. தொகை தங்கியது, பெயர்கள் போயின. பிறப்பு இறப்புப் பதிவுக்கு சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அந்த ஏட்டிலும் பெரும்பாலும் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்றுதான் இருக்கும். பெயர் வைப்பதற்குள் பதிவு முடிந்திருக்கும். அயர்லாந்தில் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து பழைய மக்கள்தொகைத் தாள்கள் சாம்பலானபின், அந்நாட்டார் கைபிடித்தது ரிச்சர்ட் கிரிஃபித் 1847க்கும் 1864க்கும் இடையே வெளியிட்ட நில மதிப்பீட்டை. அதில் நிலத்துக்காரன் பெயரும் உண்டு, குத்தகைக்காரன் பெயரும் உண்டு. இலங்கையில் டச்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுடைய தோம்பு ஏடுகளில் நிலத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று இரண்டு வகை. தலைத்தோம்பில் குடும்பத் தலைவன், மனைவி, பிள்ளைகள் என்று வீடே எழுதப்பட்டிருக்கும்.

திருத்தணிக்காரருக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. காரணம், இது ஜமீன் பூமி.

பக்கத்துச் செங்கல்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாப் 1763இலேயே கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்துவிட்டார். 1767 தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள் தாமஸ் பர்னார்ட் என்ற அதிகாரி அங்கே ஊர் ஊராகப் போய், எந்த ஊரில் எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, யாருக்கு என்ன மானியம் என்று எழுதச் செய்தார். அதற்கு அடிப்படையான ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பின்னால் ரயத்துவாரி வந்தபோது, ஒவ்வொரு உழவனும் நேரே சர்க்காருக்கு வரி கட்டினான்; அதனால் ஒவ்வொருவன் பெயரும் சர்க்கார் ஏட்டில் ஏறியது.

திருத்தணி கார்வேட்டிநகர் ராஜாவின் கீழ் இருந்தது. பொம்மராஜு பாளையம் என்று பழைய காகிதங்கள் சொல்வது இதைத்தான். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகச் சீமை முழுதும் கும்பினி கைக்குப் போனது. மறு ஆண்டு, 1802இல், கார்வேட்டிநகர், காளத்தி, வெங்கடகிரி பாளையக்காரர்களுக்கு நிரந்தர சன்னது கொடுத்து அவர்களை ஜமீன்தார்கள் ஆக்கினார்கள். ஆண்டுக்கு இவ்வளவு பேஷ்குஷ் என்று தொகை குறித்தாகிவிட்டது. அதன்பின் சர்க்கார் கணக்குக்கு அந்த முழுச் சீமையிலும் தேவைப்பட்டது ஒரே ஒரு பெயர், ராஜாவின் பெயர். அவருக்குக் கீழே ஏர் பிடித்த ஆயிரக்கணக்கான ரயத்துகள் கலெக்டரின் கண்ணுக்கு இல்லாதவர்கள். அவர்கள் பெயர் ஜமீன் கச்சேரியின் கணக்கில் இருந்தது; அந்தக் கணக்கு ஜமீனின் சொந்தச் சொத்து. ஜமீன் நொடித்தபோது அதுவும் அதன் கதியை அடைந்தது.

இந்தக் கணக்கு எழுதிப் பிழைத்த ஒரு குடும்பத்தை உலகமே அறியும். 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் தந்தை வீராசாமி, உள்ளூர் ஜமீன் ஒன்றில் வருவாய்ப் பிரிவில் சிறிய உத்தியோகத்தில் இருந்தவர். ஊரார் நிலத்தையும் பெயரையும் எழுதிய வீட்டுக்கே தன் பூர்வீகத்தைச் சொல்ல ஏடு தேவைப்படவில்லை, பெயரிலேயே இருந்தது. சர்வபள்ளி நெல்லூர்ச் சீமையில் ஒரு ஊர். தெலுங்குக் குடும்பங்களுக்கு 'இண்டி பேரு' என்ற வீட்டுப்பெயர் பெரும்பாலும் இப்படிக் கிளம்பி வந்த ஊரைச் சுமந்துகொண்டே வரும். தமிழ்க் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. அப்பன் பெயரின் முதல் எழுத்தோடு நம் முகவரி முடிந்துவிடுகிறது. எல்லை ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் ரெட்டியாருக்கும் முதலியாருக்கும் பூர்வீகத் தேடலில் இவ்வளவு வித்தியாசம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளாக நாடு கொண்டாடும் செப்டம்பர் 5 சரிதானா என்பதில் அவருக்கே ஐயம் இருந்ததாக அவர் மகன் சர்வபள்ளி கோபால் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. குடியரசுத் தலைவர் ஆனவர் கதியே இதுவென்றால், முனுசாமிக்கும் கோவிந்தனுக்கும் வயது கேட்டு ஏட்டோடு சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

சரி, ஜமீன் ரயத்தின் பெயர் எங்கேதான் இருக்கும்? முதலில் அவரவர் வீட்டுப் பரணில் பார்க்க வேண்டும். 1865ஆம் ஆண்டின் எட்டாவது சட்டப்படி ஜமீன்தார் ரயத்துக்குப் பட்டா கொடுக்க வேண்டும், ரயத்து பதிலுக்கு முச்சலிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். முச்சலிக்கை கச்சேரிக்குப் போனது. பட்டா டிரங்குப் பெட்டிக்குப் போனது. பல வீடுகளில் அது தெலுங்கில் இருக்கும்; வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது; 'தாத்தா காலத்துக் காகிதம்' என்று ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து மறுபடி பெட்டியில் போட்டுவிடுவார்கள். காகிதத்தின் தலையில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். அது பசலி. ஜூலை 1இல் தொடங்கும் வருவாய் ஆண்டு அது. அதனோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு தெரியும். பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. இந்தக் கூட்டல் தெரியாமல் காகிதத்தை அறுநூறு, எழுநூறு வருஷத்துச் சொத்து என்று பெருமைப்பட்டவர்களும் உண்டு.

அடுத்த இடம், இனாம் ஏடு. இங்கேதான் தலைப்பில் சொன்ன வேடிக்கை வருகிறது. வரி கட்டியவனைப் பற்றி மௌனமாக இருக்கும் சர்க்கார், வரி கட்டாதவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறது. கோயில் குருக்கள், கர்ணம், புரோகிதர், தலையாரி, ஏரி காப்பவர் என்று வரியில்லாமலோ குறைந்த வரியிலோ நிலம் அனுபவித்தவர்களுக்கு உண்மையில் அந்த உரிமை உண்டா என்று விசாரிக்க 1858இல் இனாம் கமிஷன் ஏற்பட்டது. ஜமீன் எல்லைக்குள் இருந்தாலும், 1802 சன்னதுக்கு முன்பே கொடுக்கப்பட்ட இனாம்கள் ஜமீன் சொத்தில் சேராதவை. அதனால் அவையும் விசாரணைக்கு வந்தன. 1860களில் ஊர் ஊராக எழுதி முடித்த இனாம் பதிவேட்டில் நிலத்தின் அளவு மட்டுமா இருக்கிறது? கொடுத்தவர் யார், முதலில் வாங்கியவர் யார், அவருக்கு இவர் என்ன உறவு, இப்போது அனுபவிப்பவரின் வயது என்ன, எல்லாம் வரிசையாக நிற்கும். முதலில் வாங்கியவர் 1750 வாக்கில் வாழ்ந்திருந்தால், ஒரே வரியில் மூன்று நான்கு தலைமுறை கையில் விழும். திருத்தணி வட்டாரத்து இனாம்தாரின் வாரிசுக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை. அவற்றைப் பார்க்க எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஊர்ப் பெயரும் அன்றைய தாலுகா பெயரும் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு இனாம் உண்டு, தசபந்தம். ஏரியோ குளமோ வெட்டி, கரையைப் பழுது பார்த்து வருகிறவனுக்கு, அந்தத் தண்ணீரால் விளையும் வருவாயில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் கொடுத்த நிலம். வட ஆர்க்காடு, சித்தூர், கடப்பைப் பக்கம் இது ஏராளம். ஏரி வெட்டியவன் பெயர் இனாம் ஏட்டில் வரும். இன்று அந்த ஏரி பாதி தூர்ந்து பிளாட் போட்டிருக்கலாம். பதிவேட்டில் அவன் இன்னும் கரை காத்துக்கொண்டிருக்கிறான்.

இனாம் ஏட்டை அப்படியே நம்பவும் கூடாது. ஐம்பது ஆண்டு அனுபவம் காட்டினால் உரிமை உறுதி என்பது கமிஷனின் விதி. நிலம் கையை விட்டுப் போகாமல் இருக்க, சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே செய்வார்கள்? நவாபு காலத்துச் சன்னது தீயில் எரிந்துவிட்டது, செல்லரித்துவிட்டது, ஹைதர் படையெடுப்பில் தொலைந்துவிட்டது என்ற வாக்குமூலங்களைப் படிக்கும்போது சிரிப்பு வரும். தத்துப் பிள்ளை சொந்தப் பிள்ளையாவதும், ஒன்றுவிட்ட பங்காளி மறைந்துபோவதும் உண்டு. அதை ஒரு வழக்குக் கட்டு என்று எண்ணிப் படித்தால் ஏமாற்றம் குறையும்.

பெண்கள் இந்த ஏடுகளில் மிகக் குறைவு. விதவை என்றால் 'இன்னாருடைய பெண்சாதி' என்று ஒரு வரி. தேவதாசி இனாம்கள் மட்டும் இதற்கு விலக்கு. பாட்டி, தாய், மகள் என்று பெண் வழியே நிலம் இறங்கிய வரிசை அங்கே இருக்கும். 1929இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம் அந்த நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்து, அனுபவித்தவர்களுக்கே உரிமையாக்கியது. அந்த வரிசையைத் தேடி வருகிறவர்கள் அரிது. கிடைத்தாலும் வெளியே சொல்வதில்லை. நம் சமூகத்தின் கூச்சம் ஒரு நல்ல ஆவணத்தைப் படிக்க ஆளில்லாமல் ஆக்கியிருக்கிறது.

நிலமே இல்லாதவர்கள்? பண்ணையாளாகவும் படியாளாகவும் உழைத்த சேரி மக்களின் பெயர், வெட்டியான் மானியம், தலையாரி மானியம் போன்ற ஊழிய இனாம்களைத் தவிர, நில ஏட்டில் ஏற வழியே இல்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் அரசு ஒதுக்கத் தொடங்கிய, இன்று பஞ்சமி நிலம் என்று அறியப்படும் ஒப்படைப்பும் சர்க்கார் தரிசு இருந்த ரயத்துவாரி ஊர்களின் கதை. ஜமீன் ஊரில் தரிசும் ஜமீனுடையது. ஆனால் அதே ஆள் ஊரைவிட்டுப் போனபோது அவனை முழுதாக எழுதிவைத்தார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலில் கரைசேர்ந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆர்க்காட்டார் ஏராளம். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள மச்சம் தழும்பு வரை இருக்கும். மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்திலும், ஃபிஜித் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இதே வகை ஏடுகள் உண்டு. பிறந்த ஊரில் ஒரு பிடி மண்ணுக்கு எதிரேகூட எழுதப்படாத பெயர், கரும்புத் தோட்டத்துக்குப் போகும் வழியில், இடது முழங்காலில் உள்ள தழும்போடு சேர்த்து எழுதப்பட்டது. இந்த ஒரு விஷயத்தில் டர்பன் பேரன் திருத்தணிப் பேரனைவிடப் பாக்கியசாலி.

அந்த டர்பன் பேரன் 'வட ஆர்க்காடு ஜில்லா' என்று எழுதிய நகலோடு வந்திறங்கினால், யாராவது அவரை வேலூருக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது. 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதற்குப் போனது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், அதன்பின் படாஸ்கர் தீர்ப்பு, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் என்று இழுத்து, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு, செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் ஆனது. ஊர் நகரவில்லை, நான்கு மாவட்டங்களும் இரண்டு மாநிலங்களும் அதன்மேல் ஏறி இறங்கின. ஒவ்வொரு தடவையும் ஏடுகளில் ஒரு பகுதி வண்டியேறியது, ஒரு பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. எல்லையைக் கிராமம் கிராமமாகப் பிரித்ததால், ஒரே குடும்பத்தின் இரண்டு காணி இரண்டு மாநில ஏடுகளில் இருப்பது இங்கே அதிசயமே இல்லை. நகரிக்குப் பெண் கொடுத்தவர்கள், புத்தூரில் பங்காளி உள்ளவர்கள், இரண்டு பக்கமும் தேடித்தான் ஆக வேண்டும்.

ஜமீன் ரயத்து முதன்முதலாகச் சர்க்கார் ஏட்டில் தன் பெயரோடு நின்றது, 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த சர்வே செட்டில்மெண்டில். ஜமீன் காலத்தில் நிலத்துக்குப் பைமாஷ் எண்தான். செட்டில்மெண்டில் புதிய சர்வே எண் போட்டு, யாருக்கு ரயத்துவாரிப் பட்டா என்று விசாரித்து எழுதினார்கள். பைமாஷ் எண்ணையும் சர்வே எண்ணையும் பொருத்திப் பார்க்கும் ஒப்பீட்டுப் பட்டியல் கிடைத்துவிட்டால், டிரங்குப் பெட்டிப் பட்டாவுக்கும் இன்றைய கணினிப் பட்டாவுக்கும் நடுவே பாலம் விழுந்துவிடும். இந்த வேலை நடந்த ஆண்டுகளில் திருத்தணி ஆந்திராவில் இருந்ததையும் மறக்கக் கூடாது. ஊரில் விவரம் தெரிந்தவர்கள் "எஸ்.எல்.ஆர் எடுத்துப் பாருங்க" என்பது இந்த செட்டில்மெண்ட் பதிவேட்டைத்தான்.

அதற்குப் பிறகு ஒரு பெரிய கலைப்பு, யு.டி.ஆர். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். அதுவரை செத்துப்போன தாத்தாக்கள் பெயரில் நின்ற பட்டாக்களை, அனுபவத்தில் உள்ளவர் பெயருக்கு மாற்றினார்கள். நிர்வாகத்துக்கு நல்ல காரியம். வம்சாவளிக்குப் பெரிய நஷ்டம். இன்று இணையத்தில் சொடுக்கினால் வரும் சிட்டா யு.டி.ஆருக்குப் பிந்தியது. அதில் தாத்தாவைத் தேடுவது, வெள்ளையடித்த சுவரில் பழைய கிறுக்கலைத் தேடுவது போல. முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைத் தனியே மனுப் போட்டுக் கேட்க வேண்டும். பத்திரப் பதிவுத் துறையிலும் இதே நிலை: வில்லங்கம் இணையத்தில் ஒரு குறிப்பிட்ட ஆண்டு வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தையது சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் புரட்ட வேண்டிய அட்டவணை. புரட்டினால் பலன் உண்டு. பதிவு முறை இங்கே 1865இலேயே வந்துவிட்டது. ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அண்ணன் தம்பி அத்தனை பேரும், அவர்கள் தகப்பனும், நான்கெல்லைக்காரர்களான பங்காளிகளும் ஒரே காகிதத்தில் கூடியிருப்பார்கள். என்னைக் கேட்டால், பட்டாவைவிடப் பாகப்பத்திரமே மேல். பட்டா ஒருவனைச் சொல்கிறது. பாகப்பத்திரம் ஒரு சண்டையைச் சொல்கிறது, சண்டையில் குடும்பம் முழுக்க வந்துவிடுகிறது.

பெயர் கிடைத்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. பேரன் என்ற சொல்லே தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள்படுவது. முனுசாமி மகன் கோவிந்தன், கோவிந்தன் மகன் முனுசாமி, முனுசாமி மகன் கோவிந்தன் என்று ஏடு சக்கரம் சுற்றும். ஐம்பது வருஷ இடைவெளியில் உள்ள இரண்டு கோவிந்தன்களை ஒரே ஆளாக்கி ஒரு தலைமுறையையே விழுங்கியவர்களைப் பார்க்கலாம். தெலுங்குக் கர்ணம் எழுதினால் 'சுப்பராயுடு', தமிழ்க் கணக்குப்பிள்ளை எழுதினால் 'சுப்பராயன்', இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். பசலியும் சர்வே எண்ணும் பொருந்தினால்தான் ஆள் பொருந்துவான்.

ஏட்டுக்கு வெளியே சாட்சி சொல்ல ஒரு காலத்தில் ஆட்கள் இருந்தார்கள். தெலுங்குச் சீமையில் பிச்சுகுண்ட்ல என்ற சமூகத்தார் ரெட்டி, காப்பு வீடுகளுக்கு அறுவடைக்கு அறுவடை வந்து, அந்தக் குடும்பத்தின் கோத்திரத்தையும் வீட்டுப்பெயரையும் முன்னோர் வரிசையையும் பாடி நெல் வாங்கிப் போவார்கள். நடமாடும் பதிவேடுகள். எல்லா ஊரிலும் இன்னொரு பதிவேடு இருந்தது, கர்ணம் வீடு. கணக்கு அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கும்; அப்பன், பிள்ளை, பேரன் என்று அந்த உத்தியோகமே பரம்பரை. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது, ஆந்திராவில் என்.டி.ஆர். 1984 தொடக்கத்தில் அதையே செய்தார். ஒழிக்கப்பட வேண்டிய முறைதான். ஊரை அடக்கி வைத்த பேனா அது. ஆனால் எந்தக் கோவிந்தன் எந்தக் கோவிந்தன் என்று சொல்லத் தெரிந்த தலையும் அந்தப் பேனாவோடு வீட்டுக்குப் போய்விட்டது.

இனி மிச்சம் இருப்பது நிலத்தின் வாய். பழைய செட்டில்மெண்ட் ஏடுகளில் சில இடங்களில் எண்ணோடு நிலத்தின் பெயரும் இருக்கும்: இன்னார் கொல்லை, இன்னார் கழனி, வேலங்காட்டு மேடு. பட்டா பத்துக் கை மாறியிருக்கும், வேறு சாதிக்காரர் வாங்கி நாற்பது வருஷம் ஆகியிருக்கும். களையெடுக்கப் போகிற பெண்கள் இன்னமும் "முனியன் கொல்லையில வேலை" என்றுதான் சொல்வார்கள். புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு வெயில் ஏறுவதற்கு முன் போய், வரப்பில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களிடம் அந்தக் கொல்லைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்க வேண்டும். விலைக்கு வாங்க வந்தவர் என்று முதலில் சந்தேகப்படுவார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று அவர்கள் பதிலுக்குக் கேட்பார்கள்.